பழவேற்காட்டு நீர்ப்பரப்பில் ஒரு படகுப் பயணம்

உலகின் வடகோடியில், அலாஸ்கா மாநிலக் கரையோரமாகச் சிறு கப்பல்கள் ஆண்டுதோறும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. பனி மூடிய மலைகளுக்கிடையே கடல் கைவிரல்கள் போல உட்புகுந்திருக்கும். பெருங்கப்பல்கள் நுழைய இயலாத அவ்விடுக்குகளில் சிறு கப்பல்கள் ஓசையின்றி நுழையும். திமிங்கிலமும் கரடியும் கழுகும் அங்கு மனிதரை அஞ்சாமல் திரிவதைப் பயணிகள் மேல்தளத்தில் நின்று கண்டு களிப்பர். பெங்களூர் விவேக் நகரில் எங்கள் தெருவில் வாழும் நண்பர் ஒருவர், இப்பயணங்களைப் பற்றிப் படித்துவிட்டு, "அதெல்லாம் பணம் படைத்தவர்களுக்கு. நம்மைப் போன்றவர்கள் அப்படிப்பட்ட காட்சியைக் காண எங்கே போவது?" என்று வினவினார். அவர் தந்தையார் பொன்னேரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்தவர். அவருடைய சொந்த ஊரிலிருந்து சிறிது தொலைவிலேயே அத்தகைய நீர்வெளி ஒன்று கிடக்கிறது என்பதை அவர் அறியார். அவருக்கு நான் கூறிய விடையையே நேயர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

தமிழ்நாட்டுக் கடற்கரையின் வட எல்லையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. அங்கிருந்து வடக்கு நோக்கி ஆந்திர மாநிலத்துக்குள் நெடுந்தொலைவு பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஏரி என்று வழங்கினாலும் அது நம் ஊர்ப்புறத்து ஏரிகளைப் போன்றதன்று. அது ஒரு காயல். கடலுக்கும் அதற்கும் இடையே நீண்ட மணல் தீவு ஒன்று வேலியாக நிற்கிறது. அத்தீவுதான் ஏவுகணைகளால் இன்று உலகம் அறிந்த சீஅரிக்கோட்டை. உவர்நீர்க் காயல்களுள், ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுவே. வடக்குத் தெற்காக இதன் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். மழைக்காலத்தில் விரிந்தும் கோடையில் சுருங்கியும் இதன் பரப்பு மாறிக்கொண்டேயிருக்கும். ஆழமோ மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு நீர்கூட இராது. இந்த ஆழமின்மையே இக்காயலின் பெருஞ்செல்வம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இப்போது மனத்தளவில் ஒரு படகில் ஏறிக்கொள்வோம். மார்கழி மாதத்து விடியற்காலை. பழவேற்காட்டுப் படகுத் துறையில் பனி இன்னும் விலகவில்லை. இரவெல்லாம் வலையிட்டுத் திரும்பிய மீனவர், இறாலையும் மடவையையும் நண்டையும் கூடைகளில் தட்டுகின்றனர். ஏலம் கூறும் குரல் கரையெங்கும் கேட்கிறது. நம் படகோட்டி நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ளுகிறார்.

படகு துறையை விட்டு விலகும்போது திரும்பிப் பார்த்தால், ஒரு பழைய நகரத்தின் எச்சங்கள் கண்ணில் படும். ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் இங்கு ஒரு கோட்டையைக் கட்டி, தம் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டனர். பல ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது இவ்வூரே. 1690ஆம் ஆண்டில் அத்தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகிவிட்டது. ஆனால், எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய வாயிலையுடைய ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் இருக்கிறது. இத்துறையிலிருந்து வண்ணத் துணிகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன என்பதைப் பெருமையோடு கூறுவர். துணிகளோடு, பஞ்சக் காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட ஏழை மக்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்த நாம் விரும்பினால் ஊர் திரும்பலாம். அவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

சற்று வடக்கே சென்றதும் மற்றொரு பழைய நீர்வழியை நினைக்க வேண்டும். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806ஆம் ஆண்டளவில் வெட்டத் தொடங்கிய சிறு கால்வாய், பின்னர் வடக்கேயும் தெற்கேயும் வளர்ந்து, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், கூலி வேலை தந்து உயிர் காப்பதற்காகச் சென்னையில் இக்கால்வாயின் ஒரு பகுதியை வெட்டுவித்தனர். அக்காலத்து ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. பழவேற்காட்டுக் காயலின் ஊடாகவும் இந்நீர்வழி செல்கிறது. சீஅரிக்கோட்டைத் தீவின் விறகும், சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சலும், நெல்லும், உப்பும் பாய்மரப் படகுகளில் சென்னைக்கு வந்து சேர்ந்தன. காற்று இல்லாத நாட்களில் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்துச் செல்வார்கள். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு அப்போக்குவரத்து நலிந்து மறைந்தது.

இனிக் கரைகள் விலகி நீர்வெளி அகன்றுவிடுகிறது. கிழக்கே சீஅரிக்கோட்டைக் காடு கருங்கோடாகத் தெரிகிறது. மழை குறைந்த கடற்கரையிலும் ஆண்டு முழுவதும் இலை உதிராது நிற்கும் அரிய காட்டு வகை அது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முதல் ஆராய்ச்சி ஏவுகணை அங்கிருந்து பறந்தது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், இந்தியா தன் சொந்த ஏவுகணையால் தன் செயற்கைக்கோளை அங்கிருந்தே விண்ணில் நிலைநிறுத்தியது. அந்நிலையத்துக்காக அத்தீவில் தொன்றுதொட்டு வாழ்ந்த ஏனாதியர் என்னும் பழங்குடியினர் வேறிடம் பெயர்க்கப்பட்டனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். ஏவுதளத்தைச் சூழ்ந்த காட்டுக்குள் அயலார் செல்லத் தடை இருக்கிறது; அதனால் காடு பெரிதும் காக்கப்பட்டிருக்கிறது.

படகோட்டி கையைக் காட்டுகிறார். தொலைவில், நீரின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு நீண்ட கோடு. முதலில் அது விடியலின் ஒளியோ என்று ஐயுறுவோம். நெருங்க நெருங்க அக்கோடு அசைகிறது. நூறாகவும் ஆயிரமாகவும் பிரிகிறது. அவை பூநாரைகள்.

பூநாரை நின்றால் நான்கடிக்கு மேல் உயரம் இருக்கும். கால்கள் கழிகளைப் போல நீண்டவை. கழுத்து அதற்கு ஈடாக வளைந்தது. அதன் அலகு நடுவில் ஒடித்து வைத்தாற்போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இந்த விந்தையான அமைப்புக்குக் காரணம் உண்டு. அது தலையைத் தலைகீழாக நீருக்குள் அமிழ்த்தி உண்கிறது. தடித்த நாக்கை முன்னும் பின்னும் அசைத்து, சேற்று நீரை அலகுக்குள் இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போன்ற மெல்லிய தகடுகள் உள்ளன. நீர் வெளியேறும், சிறு பாசிகளும் நுண்ணிய நீர் உயிர்களும் உள்ளே தங்கும். நம் வீட்டில் வடிகட்டி செய்யும் வேலையை அது அலகாலேயே செய்துகொள்கிறது. கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கியபடி ஒரே இடத்தில் அது சுற்றி வருவது கூத்தாடுவது போலத் தோன்றும். உண்மையில் அது இரை தேடும் உழைப்பேயாகும். அதன் நிறமும் பிறப்பால் வந்ததன்று. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. பாசியிலும் சிறு இறால் இனங்களிலும் உள்ள வண்ணப் பொருள் உடலிற் சேர்ந்தே, சில ஆண்டுகளில் இறகு சிவக்கிறது.

ஆழமின்மையே செல்வம் என்று முன்னர்க் கூறியதன் பொருள் இப்போது விளங்கும். ஆழமான நீரில் பூநாரை நின்று மேய இயலாது. வெயிலின் ஒளி அடிவரை எட்டும் ஆழமற்ற உவர்நீரிலேயே அதன் உணவு செழித்து வளர்கிறது. ஆகையால், மழை முடிந்து நீர் மெல்ல வற்றத் தொடங்கும் மாதங்களில் அவை இங்கு ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. நம் நாட்டில் அவை பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குசராத்தின் கச்சுப் பாலைவன உப்புச் சேற்று நிலம். படகு மேலும் நெருங்கினால் முதலில் கழுத்துகள் நிமிரும். பின்னர் ஓரத்திலுள்ள பறவைகள் நீர்மேல் ஓடத் தொடங்கும்; சில அடிகள் ஓடிய பின்னரே அவற்றால் மேலெழ இயலும். எழுந்தவுடன் இறக்கையின் உட்புறத்துச் செந்நிறமும் ஓரத்துக் கருநிறமும் ஒருசேர விரிகின்றன. கண்ணுக்கு இனிய அக்காட்சிக்காகப் பறவைகளைத் துரத்திப் படகோட்டுவோரும் உளர். அது பெருந்தவறு. ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும், உண்டு சேர்த்த வலிமையில் ஒரு பகுதியை அப்பறவை இழக்கிறது. நம் படகோட்டி விவரம் அறிந்தவர். தொலைவிலேயே கழியை ஊன்றி நிறுத்திவிடுகிறார்.

பூநாரை கண்ணைக் கவரும். ஆனால் கருத்தைக் கவர்வது சேற்றின் ஓரத்தில் எலிக்குஞ்சு போல ஓடித் திரியும் கொசு உள்ளான். ஒரு பிடி அரிசியின் எடைகூட அதற்கு இராது. அது முட்டையிடும் இடம் சைபீரியாவின் வடகடற்கரை. மரங்களே வளராத பனி நிலம். அங்குக் கோடை சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் கூடு கட்டி, குஞ்சு வளர்த்து, குளிர் வருமுன் தெற்கே புறப்பட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து இச்சேற்றுக் கரைக்கு வந்து சேர்கிறது. வடகோடிக் கடற்கரையைக் காணச் செல்வந்தர் கப்பலேறுகின்றனர்; அவ்வடகோடிக் கரையிலிருந்து இச்சிறு பறவை தானே நம் கரைக்கு வந்துவிடுகிறது.

ஊசிவால் வாத்துகள் நடுநீரில் மிதக்கின்றன. கரண்டிவாயன் அலகை இருபுறமும் வீசிச் சேற்றைத் துழாவுகிறது. ஆலாக்கள் வானிலிருந்து நேரே நீரில் பாய்கின்றன. வலை நட்ட கழிகளின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்துகின்றன. கூழைக்கடா தன் தொங்குபையோடு கனமாக இறங்குகிறது. பெங்களூரில் அல்சூர் ஏரியிலும் மடிவாளா ஏரியிலும் நாம் காணும் கூழைக்கடா இதே இனத்தைச் சார்ந்தது. சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு என்னும் ஊரில், நீரில் நிற்கும் கடம்ப மரங்களின் மேல் அவை கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுகளுக்கு வேண்டிய மீனைத் தேடி அவை வந்து சேரும் இடங்களுள் இக்காயல் முதன்மையானது.

இக்காயலில் வாழ்வு தேடுவன பறவைகள் மட்டுமல்ல. தென்பகுதி மீனவர் ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை ஒன்று இருக்கிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை ஊரார் வகுத்து வைத்திருக்கின்றனர். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலையிடுவது என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. இன்று நல்ல இடத்தைப் பெற்றவர் நாளை வேறிடம் செல்ல வேண்டும். வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் பாட்டில் உரிமை பெற்றோர் சில ஊராரே. உரிமை இல்லாதோரும் பலர் இருக்கின்றனர். இருளர் குலப் பெண்கள், பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். வலையும் படகும் இல்லாதவர்க்குக் கையே கருவி.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றிய பின்னர், ஒரே நீர்வெளி இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. ஆந்திரப் பகுதித் தீவுகளிலும் கரைகளிலும் தமிழ் பேசும் மீனவர் வாழ்கின்றனர். நம்மைப்போல் ஊரை விட்டு வராமலே அயல் மாநிலத்தவர் ஆனவர்கள் அவர்கள்! மீன்பிடி எல்லை பற்றி இருபுறத்தாரிடையே அவ்வப்போது பூசல் எழுவதுண்டு. மீனுக்கும் பறவைக்கும் அவ்வெல்லை தெரியாது.

இவ்வளவு வளத்துக்கும் உயிர்நாடியாக இருப்பது முகத்துவாரம்; அதாவது, காயல் கடலோடு கலக்கும் வாய். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டும். பெருகிய நீர் மணல் திட்டை உடைத்துக் கடலை அடையும். பின்னர்க் கடலின் ஏற்றவற்றம் அவ்வாய் வழியே உள்ளும் புறமும் ஓடும். இறாலின் வாழ்வைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஏற்றத்தோடு காயலுக்குள் வந்து, அமைதியான உவர்நீரில் உண்டு வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வர வழி இல்லை. வளர்ந்தது வெளியே செல்லவும் வழி இல்லை. கோடையில் நீர் வற்றி, கடல்நீரைக் காட்டிலும் உப்பு மிகுந்துவிடும். அப்போது மீன் குறையும், வலை வெறுமையாகும். காயல் மீனவர் கூலி வேலை தேடி ஊர் விட்டுப் புறப்பட நேரும்.

முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது? நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே செல்கின்றன. அம்மணல் காயலின் வாயில் திட்டாகப் படிகிறது. ஆற்று நீர் வலுவாக வந்தால் அதனை அரித்துத் தள்ளும். ஆறுகளில் நீர் குறைந்தால் மணலே வெல்லும். கடலுக்குள் நீண்ட சுவர் எழுப்பினால் மணலின் ஓட்டம் தடைபட்டு, ஓரிடத்தில் கரை வளரும்; மற்றோரிடத்தில் கடல் நிலத்தை விழுங்கும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் எழுந்த பின்னர், தெற்கே மெரினா மணல்வெளி அகன்றதும், வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இவ்விதியின்படியே. பிற்காலத்தில் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர் அஞ்சி எதிர்த்ததற்கும் இதுவே காரணம். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளைய கோரிக்கை. அதற்காக இருபுறமும் கற்சுவர் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது. சுவர் கட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. ஆற்றிலும் நீர் வர வேண்டும், தூர்ந்த மணலையும் அவ்வப்போது அள்ள வேண்டும்.

நேயர்களுள் பழவேற்காடு செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார இரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பேருந்து கிடைக்கும். பறவைகளைக் காண மார்கழி முதல் மாசி வரையுள்ள காலம் ஏற்றது. வடபுறத்தைக் காண விரும்புவோர் சூளூர்ப்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து சீஅரிக்கோட்டைக்குச் செல்லும் சாலை ஏரியின் நடுவே செல்வதால், படகின்றியே பூநாரைகளைக் காணலாம்.

படகைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், இன்பமாக ஒரு நாளைக் கழிக்க வந்த குடும்பத்தார் ஏறிய படகு முகத்துவாரத்தின் அருகே கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறி ஆள் ஏறியதும், மிதவை உடை இல்லாததும் அத்துயரோடு சேர்த்துப் பேசப்பட்டவை. அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்கு அரசு தடை விதித்தது. ஆகவே, படகுச் சவாரிக்கு அனுமதி உண்டா என்பதை அதிகாரிகளிடம் விசாரித்த பின்னரே படகை நாட வேண்டும். அனுமதி இல்லையென்றால் கரையிலிருந்து காண்பதே போதும். இடுப்பளவு நீர்தானே என்று எண்ணுவது கூடாது. முகத்துவாரத்தில் வற்றத்தின் இழுப்பு நீந்தத் தெரிந்தவனையும் இழுத்துச் செல்லும்.

இவற்றையெல்லாம் கேட்ட விவேக் நகர் நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "என் அப்பா மழைக்காலம் வந்தால், முகத்துவாரம் திறந்திருக்குமா என்று கேட்பார். எனக்குப் பொருள் விளங்கியதே இல்லை" என்றார். வரும் பொங்கல் விடுமுறையில் தம் பிள்ளைகளோடு பொன்னேரிக்குச் செல்ல அவர் எண்ணியிருக்கிறார். ஊருக்குச் செல்லும் அன்பர்கள் பலரும் இவ்வாறு ஒரு நாளை அக்கரைக்கென ஒதுக்கலாம். மீனவர்களோடு இரண்டு சொல் பேசலாம். அவ்வூர்ப் பெண்கள் பனையோலையால் முடையும் பெட்டி ஒன்றை வாங்கி வரலாம். பிள்ளைகளுக்குக் கொசு உள்ளானைக் காட்டி, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லலாம். புறப்படுமுன், முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று அங்குள்ளோரைக் கேட்க மறவாதீர்கள்.